துண்டுக்குள் கைவிட்ட மடக்கு டாக்டர்

கோவில்பட்டியில் மனுஷரை விட்டுவிட்டு மூட்டுகளோடு மட்டும் பேசிப் பிழைப்பு நடத்துகிற ஒரே ஆள் எங்கள் மடக்கு டாக்டர்தான். தெற்கே கன்னியாகுமரி வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் இன்னொருத்தர் அகப்படமாட்டார். பெற்றவர்கள் வைத்த பெயர் வாசலில் போர்டில் இருக்கிறது. அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. ‘மடக்கு, நீட்டு, மடக்கு, நீட்டு’ என்று பொழுதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிற ஆளுக்கு வேறு என்ன பெயர் நிலைக்கும்?

அவர் இடம் ஒரு கடலைமிட்டாய்க் கடைக்குப் பின்னால். காலையில் பாகு காய்ச்சுகிற வாசனை அறைக்குள் வந்து நிற்கும். கழுத்து வலியோடு வந்தவன் எச்சில் ஊறிக் கழுத்தைத் தானாகவே அந்தப் பக்கம் திருப்புவான். வைத்தியத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

போய் உட்கார்ந்ததும், “என்ன செய்யுது?” என்பார். நாம் வாயைத் திறந்தால் போச்சு.

“உங்ககிட்ட யாரு கேட்டா? நான் முட்டுகிட்டல்லா கேக்கேன்!”

பிறகு குனிந்து முழங்காலைத் தடவி, “சொல்லும்மா, ஏறும்போது வலிக்கா, எறங்கும்போது வலிக்கா?” என்பார். மடக்கிப் பார்ப்பார், காதைக் கிட்டே வைப்பார். முழங்கால் என்ன சொல்லுமோ, அவருக்குக் கேட்டுவிடும். அவர் கணக்கில் முழங்கால் வீட்டு மருமகள். பாரம் பூராவும் சுமக்கும், முணுமுணுத்தால் மட்டும் குற்றம். முதுகெலும்பு மாமனார், வளைந்து கொடுக்கமாட்டார். தோள்பட்டை புதுமாப்பிள்ளை, கோபித்துக்கொண்டால் இழுத்தாலும் வரமாட்டார், கெஞ்சித்தான் கூப்பிட வேண்டும்.

எனக்கு வாய்த்தது அந்தப் புதுமாப்பிள்ளை.

எனக்கு ஊர் புதூர்ப் பக்கம். வெள்ளாடு மேய்க்கிறவன். கோடையில் எங்கள் கரிசல் காட்டில் புல் ஏது? கருவேலங்காயை இழுத்து உலுப்பிப் போட்டால்தான் ஆட்டுக்குச் சாப்பாடு. அதற்குத் தொரட்டி வேண்டும். நீள மூங்கில் கம்பு, நுனியில் கொக்கி. காலமெல்லாம் அதை உயர்த்திப் பிடித்த வலது கை, ஒரு தீபாவளிக்குப் பிறகு மேலே போகமாட்டேன் என்றது. முதலில் சட்டை போட முடியவில்லை; போடாமல் இருந்துகொண்டேன். பிறகு தலை சீவ முடியவில்லை. சீவுவதற்குத் தலையில் முடியும் அதிகம் இல்லை. கடைசியில் தொரட்டியைத் தூக்க முடியவில்லை. அதற்கு என்ன செய்ய? ஆடுகள் மரத்தடியில் நின்று, மேலே காயையும் கீழே என்னையும் மாறி மாறிப் பார்த்தன. பந்தியில் உட்கார்ந்தவன், இலையையும் பரிமாறுகிறவனையும் பார்க்கிற பார்வை அது.

எண்ணெய் தடவினேன். பச்சிலை வைத்தேன். யாரோ சொன்னார் என்று கையை மார்போடு சேர்த்துக் கட்டி அசையாமல் வைத்துக்கொண்டேன். கை இன்னும் இறுகிற்று.

என் மகன் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறான். நல்ல பிள்ளை. ஆனால் ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

“பொங்கலுக்குள்ள கை வரலைன்னா ஆட்டை வித்துருவோம்ப்பா. ஒத்தைக் கையோட காட்டுல விழுந்து கெடந்தீங்கன்னா யாரு பாப்பா?”

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஆடு போய்விட்டால் நான் காலையில் எழுந்து எங்கே போவேன்? அவன் அம்மா போனபிறகு வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை டி.வி. மட்டும்தான். அது நாம் சொல்வதைக் கேட்காது. ஆடு கேட்கும்.

அப்படித்தான் மடக்கு டாக்டரிடம் போனேன். தோளோடு கொஞ்ச நேரம் ரகசியம் பேசிவிட்டு, ஒன்றே ஒன்றை மட்டும் என்னிடம் கேட்டார்.

“சக்கரை இருக்கா பெரியவரே?”

“இருக்கு.”

“அதான் மாப்ள சீக்கிரம் கோவிச்சுக்கிட்டாரு. தோளைச் சுத்தி ஒரு பை இருக்கு. அசைக்காமப் போட்டா அது சுருங்கி இறுகிப்போவும். நீங்க கட்டு வேற போட்டு வச்சிருக்கிய!”

“ஒரு ஊசி போட்டீங்கன்னா சட்டுனு...”

“மாப்ளையை ஊசியால குத்தியா விருந்துக்குக் கூப்பிடுவிய? தெனமும் கொஞ்சம் கொஞ்சமா அசைக்கணும். மாசக்கணக்காவும். வலிச்சா நிறுத்தணும், வலிக்குன்னு விட்டுறக் கூடாது.”

தோளுக்கு வெந்நீர்ப் பை வைத்தார். குனியவைத்து, கையைத் தொங்கப்போட்டு, கோயில் மணியின் நாக்கு மாதிரி ஆட்டச் சொன்னார். உத்தரத்தில் ஒரு கிணற்றுக் கப்பி தொங்கியது. கயிற்றின் ஒரு நுனி நல்ல கையில், மறு நுனி கெட்ட கையில். நல்ல கை இறங்கினால் கெட்ட கை ஏறும்.

“எத்தனை குடம் எறைக்கணும்?” என்று கேட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் கிடந்த மளிகைக்கடைக்காரர் சிரித்து, இடுப்பில் வெட்டி இழுத்து, “ஏ பெரியவரே, சிரிக்க வைக்காதீரும்!” என்று கத்தினார். அவர் இடுப்பு பிடித்ததென்று படுத்து, படுத்தே கிடந்ததால் எழுந்திருக்க முடியாமல் போனவர். டாக்டர் அவருக்குப் பயிற்சியோடு ஒரு சட்டமும் போட்டார்: கடையில் பையனை ஏவக் கூடாது. உப்புக்கும் தானே எழும்பணும், புளிக்கும் தானே எழும்பணும். கொஞ்ச நாளில் இடுப்பும் தேறியது, வியாபாரமும் தேறியது.

கடம்பூர் அம்மாவைச் சொல்லாமல் விட்டால் பாவம் பிடிக்கும். போளி தட்டுகிற குடும்பம். இரண்டு முழங்காலும் தேய்மானம். டாக்டர் அவரைக் காலை நீட்டி உட்காரவைத்து, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்தி அழுத்தி விடச் சொன்னார். “தேஞ்ச எலும்பு வளராதும்மா. சுத்தியிருக்க சதை கெட்டியானா பாரத்தை அது வாங்கிக்கிடும்” என்றார். அடுத்தமுறை அந்த அம்மா வந்தபோது டாக்டர் குனிந்து முழங்காலிடம் விசாரித்தார். சட்டென்று நிமிர்ந்தார்.

“செய்யவே இல்லைன்னு சொல்லுதே!”

“பொய் சொல்லுது டாக்டர். ஒரு நாள் தவறலை. எங்க மருமக செஞ்சா.”

டாக்டர் முழங்காலிலிருந்து கையை எடுத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் மாமியார் வேண்டிக்கொண்ட அக்கினிச்சட்டியை மருமகள் எடுப்பாள். அப்பா நேர்ந்த மொட்டையை மகன் போடுவான். அந்த வழக்கத்தில் அந்த அம்மா இதையும் சேர்த்துவிட்டார்.

“சாமியே ஒத்துக்கிடுது. இந்த முட்டுக்கு மட்டும் என்ன ராங்கி?” என்று கேட்டார்.

பின்னால் நின்ற மருமகளுக்குத் தொடை கல் மாதிரி ஆகியிருந்தது. கிரைண்டரைத் தனியாளாகத் தூக்கி வைக்கிறாளாம். டாக்டர் யோசித்தார். “சரிம்மா. இனிமே நீங்க செய்யுங்க, மருமக எண்ணட்டும்” என்றார். மருமகள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவள் எண்ணினால் பத்து வருவதே இல்லையாம். எட்டு, ஒன்பது வரைக்கும் வந்து, “மறந்துபோச்சு அத்தை, முதல்ல இருந்து வாங்க” என்பாளாம். அந்த வருஷம் எல்லாரையும் முந்திக் குணமானது கடம்பூர் அம்மாதான்.

நான் மெதுவாகத்தான் வந்தேன். சுவரில் விரல்களைப் பல்லி மாதிரி ஏற்றவேண்டும் என்றார்.

“காட்டுல சுவத்துக்கு நான் எங்கன போவேன்?”

“என்னதான் இருக்கு அங்கன?”

“ஆடு இருக்கு. தொரட்டி இருக்கு.”

“தொரட்டியைக் கொண்டாங்க.”

பஸ்ஸில் தொரட்டியோடு ஏறினால் கண்டக்டர் விடுவானா? “ஏ பெரியவரே, இதைப் பஸ்ஸுல ஏத்தவா, பஸ்ஸை இதுல கட்டித் தொங்கவிடவா?” என்றான். ஒருவழியாக மேலே கட்டிக்கொண்டு போனேன். டாக்டர் கம்பைத் தரையில் ஊன்றி, அதிலே என் விரல்களை ஏறவிட்டு, போன உயரத்தில் ஒரு துணியைக் கட்டினார். “ஆடு மேயுற நேரம்லாம் ஏறி எறங்குங்க. துணி மேல போவணும்.”

துணி மேலே போயிற்று. ஆனால் பொங்கலும் வந்து போயிற்று. துணி அப்போது என் மூக்கு உயரத்தில் நின்றது. காயோ வானத்தில் தொங்கிற்று. மகன் ஆட்டுத் தரகரை வரச்சொல்லிவிட்டான். டாக்டரிடம் போய், “வெள்ளிக்கிழமை ஆடு போவுது. இனிமே கை ஏறி என்ன, ஏறாட்டி என்ன?” என்றேன். அவர் என்னையும் பார்க்கவில்லை, தோளையும் பார்க்கவில்லை. கப்பிக் கயிற்றைச் சுற்றி வைத்தார்.

வெள்ளிக்கிழமை. முந்தின நாள் பெய்த மழையில் கரிசல் குழைந்து கிடந்தது. தரகர் ஆடுகளின் முதுகை அமுக்கிப் பார்த்துவிட்டு, துண்டை எடுத்து என் மகன் கைமேல் போட்டார். வெளியாட்களுக்குத் தெரியாதிருக்க, எங்கள் பக்கத்தில் ஆடு மாட்டுக்கு விலையைத் துண்டுக்குள்தான் பேசுவார்கள். எந்த விரலை எப்படிப் பிடித்து அமுக்கினால் என்ன விலை என்று ஒரு பாஷை உண்டு. ஒருத்தர் விலை கேட்டு நிற்கும்போது, அவராக வேண்டாம் என்று சொல்லும்வரை இன்னொருத்தர் ஆட்டைத் தொடக் கூடாது.

அந்த நேரம் பார்த்து மொபெட்டை ரோட்டிலேயே விட்டுவிட்டு, வெள்ளைக் கோட்டும், காலுக்கு ஒரு படி களிமண்ணுமாக மடக்கு டாக்டர் நடந்து வந்தார். வரும்போதே ஓர் ஆடு கோட்டு நுனியைத் தின்ன ஆரம்பித்தது. அவர் கவனிக்கவில்லை.

“என்ன, துண்டைப் போட்டு மூடி வச்சிருக்கிய? விரலு மரத்துப்போச்சா?”

“டாக்டர், இது...” என்று மகன் வாயெடுத்தான்.

“தீப்பெட்டி ஆபீசுக் கை. கட்டவிரலு கண்டிப்பா வீங்கியிருக்கும். காட்டும்!” தரகர் கையை உருவி வெளியே தள்ளிவிட்டு, துண்டுக்குள் தன் கையை விட்டு, மகன் விரல்களைச் சேர்த்துப் பிடித்து ஓர் அமுக்கு அமுக்கினார். விட்டு, வேறு விதமாகப் பிடித்து மறுபடியும் அமுக்கினார். மகன் கண் பிதுங்கிவிட்டது.

“வலிக்கா?” என்றார் டாக்டர்.

“இல்ல டாக்டர். வெலை!”

தரகர் என் மகனின் காதருகே போய் என்ன விலை என்று கேட்டார். கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டார். “நல்லாருங்கய்யா. அந்த வெலைக்கு யானையே வாங்கலாம்!” என்று நடையைக் கட்டினார்.

“டாக்டர், நீங்க ஆட்டுக்கு வெலை கேட்டுட்டீங்க” என்றான் மகன்.

“நானா? விரலைல்லா பாத்தேன்!”

“எப்படிப் பாத்தாலும் கேட்டது கேட்டதுதான். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிருங்க, வேற ஆளு பாக்கேன்.”

டாக்டர் ஆடுகளைப் பார்த்தார். ஓர் ஆட்டின் வாயிலிருந்து தன் கோட்டுப் பொத்தானை எடுத்தார். “யோசிச்சுச் சொல்லுதேன்” என்றார். போய்விட்டார்.

அதிலிருந்து ஒரு தரகரும் எங்கள் மந்தையைத் தொடவில்லை. ‘டாக்டர் வெலை பேசின ஆடு’ என்று விலகிப் போனார்கள். மகன் ஒவ்வொரு வாரமும், “முடிவு சொன்னாராப்பா?” என்பான். நான் போய்க் கேட்டால், “மொதல்ல துணி எங்கன நிக்குன்னு சொல்லுங்க” என்பார் டாக்டர். துணி நெற்றிக்கு ஏறியது. உச்சந்தலைக்கு ஏறியது. பங்குனி வெயிலில் ஒரு நாள், யோசிக்காமல் தொரட்டியைத் தூக்கிவிட்டேன். கொக்கி கிளையில் விழுந்தது. இழுத்தேன். காய் பொலபொலவென்று கொட்டியது. கை முழுக்கப் போகவில்லை, காதோடு உரசவில்லை. ஆடுகளுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது, ஓடி வந்தன. எனக்குச் சோறு கொண்டுவந்த மகன் கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் புது மூங்கில் ஒன்று வாங்கிக்கொண்டு வந்து சாத்தினான்.

போன ஆவணியில் நாகலாபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தேன். பாவம், படிச்ச மனுஷன், துண்டு வியாபாரம் தெரியாமல் மாட்டிக்கொண்டார் என்றேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

“யாரு, மடக்கு டாக்டரா? அவன் எங்க ஊரு மாட்டுத் தரகர் மகன்லா! நடக்கப் பழகுறதுக்கு முந்தியே அப்பன் துண்டுக்குள்ள கையை விட்டு விளையாடுனவன். எந்த விரலுக்கு என்ன வெலைன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவான்!”

ரசம் இலையைத் தாண்டி ஓடியது. எனக்கு அணைகட்டத் தோன்றவில்லை.

அதற்கப்புறமும் அவரிடம் போய் வருகிறேன். நான் அதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆடு வேண்டாம் என்றும் இன்னும் சொல்லவில்லை. மந்தை இப்போது பெருகிவிட்டது. ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி யார் ஆடு என்று கேட்டால், தொரட்டியை இறக்காமலே, “டாக்டர் ஆடு” என்கிறேன்.