சிப்பிக்கு வளைகாப்பு

மலேசியாவின் கெடா மாநிலத்திலேயே, ஏன், இந்த உலகத்திலேயே, சிப்பிக்கு வளைகாப்பு நடத்திய ஒரே மனிதர் எங்கள் பாசி அண்ணன்தான். வேறொருவரைக் காட்டுகிறவர்களுக்கு என் மீசையை எடுத்துக் கொடுக்கிறேன். எப்படியும் பாதிதான் மிச்சமிருக்கிறது.

மெர்போக் ஆறு கடலில் சேருமிடத்தில் எங்கள் சிப்பிப் பண்ணை. விசிறி போன்ற ஓடுள்ள ஸ்காலப் சிப்பிகளைத் தொட்டியில் வைத்து முட்டையிடச் செய்து குஞ்சு எடுக்க வேண்டும். நான் சூப்பர்வைசர், பட்டதாரி. அண்ணன் பாலிங் பக்கம் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்தவர். இங்கே குடுவைகளில் நுண்பாசி வளர்த்துச் சிப்பிகளுக்கு ஊற்றுவார். சிப்பி பயந்துவிடுமாம், அதனால் கேட்டுக்கு வெளியிலேயே மோட்டார் சைக்கிளை அணைத்துத் தள்ளிக்கொண்டு வருவார். காலணியோடு உள்ளே வரப் பார்த்த முதலாளியையே வாசலில் நிறுத்தியவர்.

தாய்ச் சிப்பிகளுக்கு நான் பச்சைப் பாசி ஒன்றை மட்டுமே எழுதிக் கொடுத்திருந்தேன். மறந்துவிட்டாலும் தானாக வளரும்; என் சோம்பலுக்கு ஏற்ற பயிர். சிப்பிகள் உயிரோடு இருந்தன. அவ்வளவுதான். ஓடு திறக்கும்போது எட்டிப் பார்த்தால் சினைப்பை வெளிறித் தொங்கும்.

"சீனப் பெருநாளுக்குள்ள முட்டை வரலன்னா தொட்டியில எறா விட்டுடுவேன்" என்றார் முதலாளி.

அண்ணன் என்னிடம் வந்தார். "சார், உங்களுக்கு மூணு வேளையும் மெகி நூடுல்ஸ் மட்டும் போட்டா எப்படி இருப்பீங்க?"

"இப்ப அப்படித்தாண்ணே இருக்கேன்."

"அதான் உங்களப் பாத்தாலே தெரியுதே லா. வளைகாப்புக்கு ஏன் புளி சோறு, எலுமிச்ச சோறு, தயிர் சோறுன்னு வகைவகையா வைக்கிறாங்க? வயித்துல ஒண்ணு தங்கணும்னா ஒரே சோறு பத்தாது."

பழுப்பு நிறப் பாசி இரண்டு வகையை அவரே வளர்த்துப் பச்சையோடு கலந்தார். மூன்றாவது வாரம் சினைப்பை குங்குமப்பூ நிறத்தில் திரண்டது. நான் படித்த புத்தகத்திலும் அதுதான் இருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் நான் படிக்கவில்லை.

அப்புறம்தான் வளைகாப்பு. காற்றுக் குழாயில் கண்ணாடி வளையல்கள்; தொட்டி விளிம்பில் வெற்றிலை, சந்தனம். மோட்டாரின் பின்னால் மனைவி சரோஜா அக்காவை உட்கார வைத்து அழைத்து வந்திருந்தார். அக்கா சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருந்தவர். பிள்ளையில்லை. சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புகளில், "சரோஜா, நீ சோத்தப் பாத்துக்க" என்று சமையல்கட்டுக்கே அனுப்பிவிடுவார்களாம்.

அண்ணன் பாசிக் குடுவையை அவர் கையில் கொடுத்தார். "சரோஜா, மொதல்ல நீ."

"நான் எதுக்குங்க? யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்க."

"இங்க யாரு இருக்கா? சார் மட்டும்தான். அவரு கணக்குலயே இல்ல."

அக்கா சிரித்தார். குடுவையைச் சாய்த்துக் கடைசிச் சொட்டுவரை ஊற்றினார்.

பெருநாளுக்கு நான்கு நாள் முன்பு, மதியச் சோற்று நேரத்தில், தொட்டி பால் கலந்ததுபோல் வெளுத்தது. முட்டை! அக்கா அதற்குள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டிருந்தார். அண்ணன் ஒரு கண்ணாடிக் குவளையில் தொட்டித் தண்ணீரை மொண்டு, மோட்டாரில் ஒரு கையால் பிடித்தபடி கொண்டுபோனார். நான் பின்னால் காரில் போனேன்.

அக்கா குவளையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஒண்ணுமே தெரியலீங்களே."

"பொடிசுங்க. ஆனா லட்சம் இருக்கு."

"லட்சமா? எப்படிங்க பேரு வைக்கிறது?"

ஐந்தாம் நாள் அக்கா போய்விட்டார்.

பால் தெளித்த மறுநாள் காலை, கேட்டுக்கு வெளியே மோட்டார் அணையும் சத்தம். "அண்ணே, பதினாறு கூட முடியலையே" என்றேன்.

"புள்ளைங்களுக்கு யாரு சார் ஊத்துவா?"

குஞ்சுகள் ஓடு கட்டிக் கடலுக்குப் போகும்வரை இருந்தார். பிறகு பாலிங்குக்கே திரும்பிவிட்டார். தொட்டியில் எறா வரவில்லை. வளையல்கள் இன்னும் குழாயில்தான் கிடக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் கேட்டால், காற்றழுத்தத்துக்கு என்று ஒரு பட்டதாரிப் பொய் சொல்கிறேன்.

தினமும் காலையில் மூன்று பாசியையும் கலந்து குடுவையைச் சாய்க்கும்முன், யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, "அக்கா, மொதல்ல நீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஊற்றுகிறேன்.