கடி டெய்லருக்கு விழுந்த ஊசி

இந்த ஜென்மத்துல ஊசி போட்டுக்கறதில்லைன்னு முடிவு எடுத்தேன். எடுத்தவன் யாரு? டெய்லர். நாள் முழுக்க ஊசியோட குடும்பம் நடத்துறவன். சிரிக்காதீங்க. நான் துணியைக் குத்தலாம், ஊசி என்னைக் குத்தக் கூடாது.

தெருவுல எனக்குக் 'கடி டெய்லர்'னு பேரு. வாயைத் திறந்தா கடி ஜோக்குதான். அப்பேர்ப்பட்ட என்னையே ஒரு நாய் கடிச்சிருச்சு. கடையைப் பூட்டக் குனிஞ்சேன், பின்னாலேருந்து கெண்டைக்கால்ல ஒரே கவ்வு. பேண்டும் கிழிஞ்சது, தோலும் கிழிஞ்சது. காலைச் சோப்பு போட்டுக் கழுவினேன். பேண்டை யாருக்கும் தெரியாம தைச்சேன்.

நாய் கடிச்சதைப் பார்த்த பக்கத்துக் கடை இஸ்திரிக்காரர் விடல. "இப்பல்லாம் ஊசியை வயித்துல போடறதில்ல அண்ணே, கையிலதான். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். நோய் வந்துட்டா பொழைக்க முடியாது அண்ணே!"

"சரி தம்பி"ன்னேன். போகல.

வீட்டுல இருப்புக் கொள்ளல. அந்த நோய் வந்தா தண்ணியைக் கண்டாலே பயம் வருமாமே! தண்ணி டம்ளரை எடுத்து உத்துப் பார்ப்பேன். பயமா இருக்கா? இல்ல. வைப்பேன். மறுபடி எடுப்பேன்.

"என்ன, டம்ளருக்கு அளவு எடுக்கிறீங்களா?"ன்னா என் வீட்டுக்காரி. பார்வை டம்ளர் மேல இல்ல, கொடியில தொங்கின என் பேண்டு மேல.

காலையில பார்த்தா அவ கால்ல பெரிய துணிக்கட்டு.

"என்னடி இது?"

"கடிங்க."

"கிளம்பு ஆஸ்பத்திரிக்கு!"

"மாட்டேன். தொப்புளைச் சுத்திப் போடுவாங்களாமே?"

"அதெல்லாம் அந்தக் காலம். இப்ப கையிலதான்."

"வலிக்குமே?"

"எறும்பு கடிச்ச மாதிரிதான்."

"அதான் சோப்பு போட்டுக் கழுவியாச்சே?"

"கழுவினா மட்டும் போதுமா? நோய் வந்துட்டா பொழைக்க முடியாதுடி!" சொல்லும்போதே என் கை தானா என் கெண்டைக்காலைத் தடவிச்சு.

"அப்ப நீங்க முதல்ல போட்டுக் காட்டுங்க."

"கடி படாதவனுக்கு எப்படிடி போடுவாங்க?"

"அப்ப நானும் போட்டுக்கல." சுவரோரமா உட்கார்ந்துட்டா.

இவளைப் பறிகொடுத்துட்டு நான் என்ன பண்ணுவேன்? "என்னையும் கடிச்சிருச்சுடி, போதுமா?"ன்னு கத்திட்டேன்.

"ஐயையோ!"ன்னு எழுந்தா. செருப்பை எப்பவோ மாட்டியிருந்தா.

ஆஸ்பத்திரியில கண்ணை இறுக்க மூடிக்கிட்டுக் கையை நீட்டினேன். "போடுங்கம்மா."

"போட்டாச்சு"ன்னாங்க நர்சம்மா. மிச்ச ஊசிக்கு எப்ப வரணும்னும் சொன்னாங்க.

நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு, "பார்த்தியா? இப்ப நீ வா"ன்னேன்.

"உங்களுக்கு எங்கம்மா கடி?"ன்னாங்க நர்சம்மா.

"காதுலம்மா."

"கட்டு கால்ல இருக்கே?"

"அது சும்மா. கல்யாணம் ஆன நாள்லேருந்து இவரு ஜோக்கு சொல்லியே கடிக்கிறாரு. அதுக்கு ஊசி இருக்கா?"

கட்டை அவிழ்த்தா. உள்ள ஒரு கீறல் இல்ல. கட்டின துணி, என் கடை லைனிங்!

"எப்படிடி கண்டுபிடிச்ச?"

"என் பாவாடைக்கு ஓரம் அடிச்சுத் தாங்கன்னு எத்தனை நாளா கெஞ்சறேன்? அதைத் தொடாத மனுஷன் சொந்தப் பேண்டைத் தைச்சிருந்தா, ஒண்ணு பைத்தியம் பிடிச்சிருக்கணும், இல்ல நாய் கடிச்சிருக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் பாவாடையை என் மடியில போட்டா. ஊசி வாங்கின கையாலேயே ஊசி பிடிச்சு, ஓரம் அடிச்சுக் கொடுத்தேன்.