பெரிய ஆம்ப்ளிஃபயர் ஒன்று வேண்டும்

அன்புத் தம்பி வின்ஃபிரெட்டுக்கு,

க்பாண்டோவிலிருந்து அண்ணன் கெர்ஷன் எழுதுவது. கடவுள் கிருபையால் நானும் உன் அண்ணியும் நலம். ஆடுகளும் நலம். ஆம்ப்ளிஃபயர் மட்டும் நலமில்லை. நீ வெள்ளிக்கிழமை வரும்போது அக்ராவிலிருந்து பெரிதாக ஒன்று வாங்கிவர வேண்டும். போனில் சொன்னால் என் குரல் தெருவுக்கே கேட்டுவிடும் என்பதால் இதை ட்ரோட்ரோ வேன் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

என் மகள் எடினாம் பட்டத்துக்காக எடுத்திருக்கும் வேலை உனக்குத் தெரியும். நம் தேவாலயக் கோபுரத்தில் ஒரு பெட்டி, ஏரி நடுவே தீவு ஆஸ்பத்திரியில் ஒரு பெட்டி. பிரசவ நேரத்தில் அங்குள்ள நர்ஸ் இங்குள்ள டாக்டரைக் கம்பியில்லாமல் கேட்க வேண்டும், அதுவும் சோலார் பேட்டரியில். சனிக்கிழமை பேராசிரியர்கள் வருகிறார்கள். பெட்டி பேசாவிட்டால் தீவுப் பெண்கள் பழையபடி காற்றடங்கிப் படகு வரக் காத்திருக்க வேண்டியதுதான், இவள் பட்டமும் ஏரியோடு போச்சு.

என்னம்மா கோளாறு என்றேன். "ஒரே சமயத்துல அறுபத்துச் சொச்சம் அலை போகுதுப்பா, உங்க பாடகர் குழு மாதிரி. எப்பவாவது எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து உச்சத்துக்குப் போயிடுது. அந்த ஒரு கணம் ஆம்ப்ளிஃபயர் தாங்கல, பேச்சு சிதறிடுது" என்றாள். எல்லோரையும் ஒன்றாக உச்சத்துக்குக் கொண்டுபோகத்தான் நான் இத்தனை காலம் அந்தக் குழுவின் முன் நின்று குச்சி ஆட்டினேன். பெரிதாக வாங்கேன் என்றால், "அது சும்மா இருக்கறப்பவும் பேட்டரியைக் குடிக்கும்" என்கிறாள். சில அலைகளைத் தலைகீழாகத் திருப்பிவிட்டால் உச்சங்கள் சேராதாம். எதையெதைத் திருப்புவது என்று எல்லா விதத்தையும் பார்க்கச் சொல்லிப் பெட்டியை ஏவினாள். அதுவும் கணக்குப் போட்டது, போட்டது, நம் மூப்பர்கள் அடக்க ஆராதனைக்கு எல்லோரும் உடுத்த எந்தத் துணி எடுப்பதென்று பேசுவதைப்போலப் போட்டுக்கொண்டே இருந்தது. மிச்சம் பிடிக்க நினைத்த பேட்டரியைக் கணக்கே தின்று தீர்த்தது.

இப்போது புதிதாக ஒன்று சொல்கிறாள். "அலைகளை நாலு கும்பலாப் பிரிச்சுட்டேன்ப்பா. கும்பல் கும்பலாத் திருப்பிப் பார்ப்பேன், சுமாரா அடங்கினதும் நிறுத்திடுவேன். இருக்கறதுலயே சிறந்தது வேணாம், போதுமானது போதும்."

சுமார். என் வீட்டில் பிறந்த பிள்ளை சொல்கிறது. உன் அண்ணி வேறு, "நீங்களும் பாட்டுச் சத்தத்தைச் சுமாரா நிறுத்தியிருந்தா ஈஸ்டருக்கு ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்காது" என்கிறாள். எனக்கோ பிள்ளை தோற்றுவிடுமோ என்று தூக்கம் வரவில்லை. ஆகவே பெரிய ஆம்ப்ளிஃபயர். அவளுக்குத் தெரிய வேண்டாம். இந்தச் சுமார் புத்தியை விடச்சொல்லி நீயும் நாலு வார்த்தை சொல்லிவை.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். ட்ரோட்ரோவில் உனக்கு ஜன்னலோர இடம் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் கெர்ஷன்

பி.கு.: ஆம்ப்ளிஃபயர் வேண்டாம். உறையை ஒட்டப்போகும்போது எடினாம் கோபுரத்திலிருந்து கூப்பிட்டாள். பெட்டி பேசுகிறது, பேட்டரியும் பாதிக்கு மேல் இருக்கிறது, முதலில் அப்பாதான் பேச வேண்டுமாம். ஏரிக்கு அப்பால் ஆயிற்றே என்று முழுத் தொண்டையையும் திறந்து "ஹலோ, தீவா?" என்றேன். ஒரு சிதறல் இல்லாமல் நர்ஸ் மாவுசியின் குரல் வந்தது: "மெதுவாப் பேசுங்கய்யா. இப்பத்தான் பொறந்துச்சு, தூங்குது." நான் மெதுவாகப் பேசினேன், தம்பி. உன் அண்ணி இன்னும் நம்பவில்லை.