ஒரு நாள் பச்சை

நில அதிகாரி மாலை நான்கு மணிக்கு வருகிறார் என்று கம்பெனியின் நகர அலுவலகத்திலிருந்து போன் வந்தபோது காலை ஏழு மணி. சூப்பர்வைசர் ஷெட்டின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். இரண்டாயிரம் ஏக்கரில் மருந்துக்குக்கூட ஒரு பச்சை இல்லை.

மருந்துதான் காரணம். முதல் வருஷம் டிராக்டர் வந்தது, விதை வரவில்லை. இரண்டாம் வருஷம் விதை வந்தது, டிராக்டர் படுத்துவிட்டது. மூன்றாம் வருஷம் இரண்டும் சரியாக இருந்தன. கூடவே கப்பலில் களைக்கொல்லியும் வந்தது. களையை மட்டும் கொல்லும் என்று டப்பாவில் எழுதியிருந்ததாம். அது எது களை, எது மக்காச்சோளம் என்றெல்லாம் விசாரித்துக்கொண்டு நிற்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊரே சேர்ந்து இந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு நிலத்தைத் தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தது. சூப்பர்வைசருடைய எட்டு ஏக்கரும் அதில் போனது. ஒப்பந்தம் கம்பெனிக்காரர்களின் மொழியில் இருந்தது. வாசித்து விளக்கம் சொன்னவர் தொண்டை வறண்டு நான்காம் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார். கையெழுத்துப் போட்டவர்களில் நாற்பது பேருக்குக் கூலி வேலை கிடைத்தது. இவருக்கு மட்டும் கூடுதலாக ஒரு தொப்பியும் சூப்பர்வைசர் என்ற பெயரும்.

"சாலையோரமா ஒரு ஏக்கர் பச்சையாத் தெரிஞ்சாப் போதும்," என்றது போன். "இல்லேன்னா கம்பெனி மூட்டை கட்டிடும். நாப்பது பேருக்கும் வேலை கிடையாது. உங்களுக்கும்தான்."

"ஒரே நாள்ல பயிருக்கு நான் எங்க சார் போவேன்?"

"அது உங்க பொறுப்பு. இன்னைக்கு மட்டும் நின்னாப் போதும். நாளைக்குக் காஞ்சாலும் கவலையில்லை."

எங்கே போவது என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் மக்காச்சோளம் இருந்தது. குத்தகைக்குப் போகாமல் மிஞ்சிய மண் அவ்வளவுதான். அதைப் பெயர்த்து வந்து நட வேண்டும் என்றதும் ஆட்கள் முறைத்தார்கள். வேலை போய்விடும் என்றதும் மண்வெட்டியைத் தேடினார்கள்.

அவர் மனைவி மட்டும் குறுக்கே நின்றாள்.

"பத்து நாள்ல கதிர் முத்திடுங்க. நாலு மாசச் சாப்பாடு அது."

"வேலை போச்சுன்னா வருஷம் பூராச் சாப்பாடு இல்லை."

அவள் தானே மண்வெட்டியை வாங்கி, வேர் அறாமல் ஒவ்வொன்றாகப் பெயர்த்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வெறுங்கொல்லையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தொப்பியைச் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.

பதினொரு மணிக்கு ஒரு ஏக்கர் நட்டாயிற்று. பன்னிரண்டு மணி வெயிலில் எல்லாம் தலையைத் தொங்கப் போட்டன. குச்சி நட்டுக் கயிற்றால் கட்டச் சொன்னார். நிமிர்ந்தன, ஆனால் வாத்தியார் எழுப்பி நிறுத்திய பிள்ளைகள் மாதிரி வேண்டா வெறுப்பாக நின்றன. தண்ணீர் காட்டினால் தெளியும் என்று கம்பெனி டேங்கரை வரவழைத்தார். டேங்கர் கடைசிச் சொட்டுவரை காலியான பிறகுதான் அதை ஓட்டி வந்தவர் தலையைச் சொறிந்தார்.

"போன மாசம் இதுலதானேங்க களைக்கொல்லி கலக்கினோம்?"

இரண்டு மணிக்கு இலை ஓரமெல்லாம் மஞ்சள். சூப்பர்வைசர் வரப்பில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாகத் தொப்பியைக் கழற்றித் தரையில் போட்டார். அழுகைதான் வந்தது. அழ நேரமில்லை. ஷெட்டில் டிராக்டருக்கு அடிக்கும் பச்சை பெயிண்ட் ஆறு டின் இருந்தது. டிராக்டர்தான் ஓடவில்லை, பெயிண்டாவது உதவட்டும் என்று எடுத்துவரச் சொன்னார். மூன்றரை மணிக்கு அந்த ஒரு ஏக்கர், கடவுளே இதுவரை யோசித்திராத ஒரு பச்சையில் பளபளத்தது.

அதிகாரி அம்மா ஜீப்பில் வந்தார். கூடவே காரில் டை கட்டிய கம்பெனி ஆள். அம்மா நேராகப் போய் ஓர் இலையைத் தொட்டார். விரல் பச்சையாயிற்று. விரலைப் பார்த்தார், பிறகு சூப்பர்வைசரைப் பார்த்தார்.

"இது கம்பெனி விதைச்ச பயிரா?"

"ஆமாங்க மேடம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க இந்த ஊர்க்காரர்தானே?"

"இங்கேயே பொறந்தவங்க. இதுல எட்டு ஏக்கர் என்னோடது."

அம்மா திறந்த பேனாவை மூடினார். டை கட்டியவர் பக்கத்தில் நின்று புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

"பயிர் இல்லேன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, நான் அப்படியே எழுதிக்குவேன். உங்களை யாரும் ஒண்ணும் செய்ய முடியாது."

இந்த வலையில் விழச் சூப்பர்வைசர் என்ன பச்சைக் குழந்தையா? பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தார். நாற்பது பேரும் தலையாட்டினார்கள். அம்மா மூன்றாம் முறையும் கேட்டார். அவர் மூன்றாம் முறையும் சத்தியம் செய்து, கேட்காமலே சாட்சிக் கையெழுத்தும் போட்டார்.

டை கட்டியவர் அவர் முதுகில் தட்டினார். "இனிமே தொண்ணூத்தாறு வருஷத்துக்கு நம்மளை ஒருத்தரும் அசைக்க முடியாது," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அந்த 'நம்மளை' சூப்பர்வைசருக்கு இனித்தது. பேரன் காலம்வரை வேலை நிச்சயம். மனைவியிடம் இதைச் சொன்னால் கொல்லையை மறந்துவிடுவாள் என்று நினைத்தார்.

அதிகாரி அம்மா ஜீப்பில் ஏறி, யாரையும் பார்க்காமல் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். டிரைவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்டார். சூப்பர்வைசரே குடத்தில் கொண்டுவந்து ஊற்றியபடி மெதுவாக விசாரித்தார்.

"மேடத்துக்கு ஏன் முகமே சரியில்லை? பயிர் அவ்வளவு மோசமாவா இருக்கு?"

டிரைவர் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்: "பயிருக்கென்னண்ணே குறைச்சல்? மூணு வருஷத்துல ஒரு பயிர்கூட நிக்கலேன்னா நிலம் உங்களுக்கே திரும்பிடணும்னு ஒப்பந்தத்துல அஞ்சாம் பக்கத்துல இருக்காம், அந்தக் கெடு இன்னையோட முடியுது. அதான், 'பயிர் இல்லே'ன்னு சாட்சி சொல்ல ஊர்க்காரங்கள்ல ஒரு ஆள் கிடைச்சாப் போதும்னு வழி பூராச் சொல்லிட்டே வந்தாங்க."