கிண்ணியாவில் நான் பெயிலாக்கிய நெல்

எனக்குக் கோபம் வந்தால் காரணத்தோடுதான் வரும். இதை வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை. எழுபதுகளில் கிண்ணியாவில் நான் ஆடிய கூத்துத்தான் அதற்குக் காரணம். பிள்ளைகள் அதைக் கண்டபடி சோடித்துச் சொல்லித் திரிவதால், நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

அப்போது திருகோணமலையில், விதைநெல்லுக்கு அத்தாட்சி கொடுக்கும் கந்தோரில் நான் புது உத்தியோகத்தன். கல்யாணமாகி மூன்று மாதம். தலைக்கனத்துக்கு வேறென்ன வேண்டும்? கிண்ணியா விவசாயி ஹனீபா காக்கா (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்), அயலவர்களுக்கென்று விதைநெல் விளைவித்திருந்தார். நூறு மணியை ஈரத்தாளில் வைத்து, முளைத்ததை எண்ணி, தேறினால் மூட்டைகளில் நான் சீட்டுக் கட்ட வேண்டும். தேறாவிட்டால் நெல் ஆலைக்குத்தான். பெரும்போக மழை தொடங்கும் நேரம்; அயல் முழுவதும் அந்தச் சீட்டுக்குக் காத்திருந்தது.

மாதிரி நெல்லோடு பாதையில் (பாலம் வராத காலம், ஆட்களை அக்கரைப்படுத்தும் மிதவைக்கு அதுதான் பெயர்) திரும்பும்போது மழை. நெல் நனைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை, கந்தோர் பூட்டியாயிற்று. மாதிரிப் பையின் முத்திரையை உடைத்து, நெல்லை எங்கள் வீட்டுக் குசினியில் சுளகில் கொட்டினேன். மனைவி புவனத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. சனி, ஞாயிறு நல்ல வெயில். மீன் வாங்கும் சாட்டில் சல்லிக் கிராமத்தில் சிநேகிதனோடு இரண்டு நாளும் நின்றுவிட்டேன். திங்கள் காலை பார்த்தால் நெல் அருமையாகக் காய்ந்திருந்தது. எவ்வளவு பொறுப்பான பெண் என்று பூரித்துப்போனேன். (ஒரு மணம் வந்ததுதான். குசினி மணம் என்று விட்டுவிட்டேன்.)

நூறில் ஒன்றுகூட முளைக்கவில்லை. எனக்கு வந்ததே ஆத்திரம்! செத்த நெல்லை ஏழைகள் தலையில் கட்டப் பார்க்கிறாரா? கடிதம் போட்டால் போதும். நான் விடுவேனா? மீதி நெல்லையும் தூக்கிக்கொண்டு போய், அவர் முற்றத்தில், விதைக்கு வந்து நின்ற அத்தனை பேர் முன்னாலும் நேர்மையைப் பற்றி நீளமாகப் பேசினேன். கள்ளன் என்ற சொல்லும் வாயில் வந்துவிட்டது.

ஹனீபா காக்கா கையை நீட்டி நாலு மணி வாங்கினார். உமியை உரித்துக் கடித்தார்.

"இது அவிச்ச நெல்லு சேர். நான் தந்தது பச்சை நெல்லு. ஆரு அவிச்ச?"

ஈரநெல், குசினி, அந்த மணம் எல்லாம் ஒன்றாக வந்து மண்டையில் அடித்தன. அவசரத்துக்கு ஒரு பொய்யும் அகப்படவில்லை. என் மனுசியாகத்தான் இருக்கும் என்றேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"பதமாத்தான் அவிச்சிரிக்கிறா. ஆனா என்னக் கள்ளன் எண்டீங்களே, அத எப்பிடி சேர் திருப்பி எடுக்கிற?"

மீதி நெல்லோடு அடுத்த பாதையில் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து புவனத்தின் மேல் பாய்ந்தேன். அவள் என்னைவிடப் பெரிதாகப் பாய்ந்தாள். "ஈரநெல்லக் குசினிக்குள்ள கொண்டந்து வைச்சா அவிக்கத்தானே? வாயத் திறந்து ஒரு சொல்லுச் சொன்னனீங்களோ?" நியாயம். (நியாயமாக இருந்ததுதான் இன்னும் எரிகிறது.)

புது மாதிரி எடுத்துச் சோதித்தேன். இரண்டைத் தவிர எல்லாம் முளைத்தன. சீட்டுகளோடு ஓடினேன். கட்டுவதற்கு மூட்டை இல்லை. மழை பிடித்ததும், ஹனீபா காக்காவின் சொல்லை நம்பி, அயலவர்கள் எல்லாவற்றையும் கொண்டுபோய் விதைத்துவிட்டார்கள். பயிர் பச்சைப் பசேலென்று நின்றது. என் சீட்டுகளை ஒருவரும் கேட்கவில்லை. அவை இன்னும் அலுமாரியில் கிடக்கின்றன.

போன மாதம் பேத்திக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் சரியில்லை, பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது என்று கதிரையிலிருந்து எழும்பி நின்று முழங்கிக்கொண்டிருந்தேன். குசினிக்குள்ளிருந்து புவனம் கேட்டாள்:

"கடிச்சுப் பாத்தனீங்களோ?"