ஒப்புதல் பெற்ற குரல்

மனித குலம் அவசரத்தால்தான் கெட்டது. அந்த அவசரத்தை எதிர்த்துக் கடைசிவரை போராடிய ஒரே மனிதர் என் கணவர். இதை நான் மனைவி என்ற முறையில் சொல்லவில்லை. மூன்று வாரம் கூடவே இருந்து பார்த்த சாட்சி என்ற முறையில் சொல்கிறேன்.

அவர் ஒரு பெரிய அலுவலகத்தில் கொள்முதல் பிரிவு மேலாளர். அங்கே குண்டூசி வாங்குவதாக இருந்தாலும் குழு கூடும், ஒப்பீட்டு அட்டவணை போடும், மூன்று பேர் கையெழுத்திடுவார்கள். கையெழுத்து விழாத எதுவும் அந்தக் கட்டடத்துக்குள் நுழைய முடியாது, அங்கிருந்து வெளியே போகவும் முடியாது. குண்டூசி வந்து சேர்வதற்குள் காகிதமே வழக்கொழிந்துவிடும் என்று சிலர் கேலி பேசுகிறார்கள். பொறாமைக்காரர்கள்.

நான் ஒரு மருத்துவமனையில் டோக்கன் கூப்பிடுகிறேன். "நாற்பத்தேழு, மூன்றாம் அறை." பத்து வருடமாக இதுதான் என் வாசிப்பு. ஒரு கதையைத் தொடங்கி அதன் முடிவு வரை வாய்விட்டு வாசித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. அந்த நேரத்தில்தான் ஓர் ஒலிப்புத்தக நிறுவனம் வாசிப்பாளர் தேவை என்று அறிவித்தது. ஐந்து நிமிடம் ஏதாவது வாசித்து மாதிரி அனுப்ப வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. அதற்கு மூன்று வாரம் இருந்தது.

"போன்லயே பேசி அனுப்பிடறேங்க. போன் போதும்னு அவங்களே போட்டிருக்காங்க," என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது.

"போனா? உன் குரலுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? நல்ல மைக் வேணும். மைக்கை லேப்டாப்போட சேர்க்க ஆடியோ இன்டர்ஃபேஸ்னு ஒரு பெட்டி வேணும். எதையும் முறைப்படி செய்வோம்."

கல்யாணமான நாளிலிருந்து என் குரலுக்கு மரியாதை என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழுந்தது அன்றுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம்பினேன். அது என் தப்பு, அவர் தப்பில்லை.

மறுநாளே 'ஒலிப்பெட்டித் தேர்வுக் குழு' அமைந்தது. தலைவர் என் கணவர். உறுப்பினர்கள் இருவர்: கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கும் என் தம்பி, மேல்மாடியில் குடியிருக்கும் மைக்செட்காரர். எனக்கும் ஒரு முக்கியப் பொறுப்பு தரப்பட்டது. டீ.

முதல் அமர்வில் மைக்செட்காரர் அடிப்படையான கேள்வி ஒன்றை எழுப்பினார்.

"பெட்டி மைக்குக்குக் கரண்ட் குடுக்குமா சார்? சில மைக்குக்கு அது சாப்பாடு. போடலேன்னா வாயே திறக்காது."

"நம்ம மைக்?"

"நான் குடுக்கப்போற மைக் பச்சைத்தண்ணி கேக்காது சார்."

சாப்பிடாத மைக்குக்கு எப்படிச் சாப்பாடு போடுவது என்று இரண்டு அமர்வுகள் விவாதம் நடந்தது. தம்பி மைக் செருக எட்டுத் துளை உள்ள பெட்டிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான்.

"ஒரு வாய்க்கு எதுக்குடா எட்டுத் துளை?" என்றேன், டீயை வைத்தபடி.

"நாளைக்கே ட்ரம்ஸ் ரெக்கார்ட் பண்ணணும்னா என்னக்கா பண்ணுவே?"

"யாரு வாசிக்கப் போறா?"

"அதை அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்."

குழுவின் கண்டிப்பையும் சொல்ல வேண்டும். ஒரு பெட்டியில் பேசும் குரல் காதில் திரும்பக் கேட்க வினாடியில் நூறில் ஒரு பங்கு பிந்துகிறதாம். "இவ்வளவு தாமதத்தை ஏத்துக்கவே முடியாது!" என்று மூவரும் ஒருமனதாக நிராகரித்தார்கள். அந்த முடிவுக்கு வர அவர்களுக்குப் பதினோரு நாள் ஆனது.

ஒப்பீட்டு அட்டவணையில் இருபத்துமூன்று பத்திகள். எடை, நிறம், விளக்குகளின் எண்ணிக்கை, 'குமிழைத் திருகும்போது ஏற்படும் மனநிறைவு'. நான் மெதுவாகக் கேட்டேன்: "ஏங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகுமா?"

"வெள்ளிக்கிழமை வாராவாரம் வரும். பெட்டி ஒரு தடவைதான் வாங்குவோம்."

பெட்டி வியாழக்கிழமை வந்தது. எட்டுத் துளை, நான்கு விளக்கு. அதன் கம்பி மட்டும் எங்கள் லேப்டாப்பில் நுழையவில்லை. இருபத்துமூன்று பத்திகளில் அது ஒன்று விட்டுப்போயிருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் தம்பி எங்கேயோ அலைந்து ஓர் இணைப்பான் கொண்டுவந்தான். நான் விடுப்புப் போட்டுவிட்டுக் காலையிலிருந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தேன்.

"முதல்ல சோதனை," என்றார் தலைவர்.

அவரே மைக் முன்னால் உட்கார்ந்தார். "சோதனை. சோதனை. ஒன்று, இரண்டு, மூன்று." ஐந்து நிமிடம் நிறுத்தவில்லை. நிறுத்தியதும் மூவரும் கண்ணை மூடிக்கொண்டு அதை நான்கு முறை கேட்டார்கள். "சார் குரல்ல ஒரு கம்பீரம் இருக்கு," என்றார் மைக்செட்காரர். மூன்று பேரும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நாலு மணிக்குத் தம்பி கச்சேரிக்கு ஓடினான்.

நாலரைக்கு என் முறை வந்தது. பூட்டிய வீட்டு வாசலில் நிற்கும் ஒரு பெண்ணின் கதையை வாசித்தேன். ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. கடைசி வரியை முடித்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. இப்படிப் பேச எனக்குத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. "நீ எந்திரி, அனுப்புறதை நான் பாத்துக்கறேன்," என்றார் அவர். ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அனுப்பியும் விட்டார்.

திங்கட்கிழமை பதில் வந்தது.

'தங்கள் பதிவின் ஒலித்தரம் மிகச் சிறப்பு. இரைச்சல் அறவே இல்லை. ஆனால் ஐந்து நிமிடமும் ஓர் ஆண், சோதனை, ஒன்று, இரண்டு, மூன்று என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். மற்றவர்களிலிருந்து வாசிப்பாளரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். வருந்துகிறோம்.'

அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். "ஏங்க, நான் வாசிச்சது எங்க?"

"அது 'பரிசீலனையில்' ஃபோல்டர்ல பத்திரமா இருக்கு. மூணு பேரும் கேட்டுக் கையெழுத்துப் போடணும் இல்ல? உன் தம்பிதான் பாதியில போயிட்டானே. ஒப்புதல் வாங்காததை எப்படி வெளிய அனுப்புறது? ஒப்புதல் வாங்கினது என்னோடது ஒண்ணுதான் இருந்துது."

சொல்லிவிட்டுக் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி மறுபடி படித்தார். 'ஒலித்தரம் மிகச் சிறப்பு' என்ற இடத்தில் பேனாவால் அடிக்கோடு போட்டார். முகமெல்லாம் மலர்ச்சி.

"பாத்தியா? பெட்டி விஷயத்துல குழுவோட முடிவு சரியா இருந்திருக்கு."

இருந்திருக்கிறது. நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். மனைவியின் வாயை அடைக்க மற்ற கணவன்மார்கள் ஓர் அதட்டலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் கணவர் குழு போட்டு, மூன்று வாரம் பாடுபட்டு, இரைச்சலே இல்லாமல் அடைத்தார்.