ஏசி ஓடுகிற தூரம்

ஓடுவது என்று கண்ணாடிக்காரர் முடிவெடுத்தது ஒரு சாவு வீட்டில்.

போனவர் கடிகாரக்காரர். கடைவீதியில் கண்ணாடிக்காரரின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நேர் எதிரே கடிகாரம் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். இருபத்திரண்டு வருஷமாக, வாடிக்கையாளர் வராத நேரமெல்லாம், இரண்டு பேரும் அவரவர் கடையில் உட்கார்ந்தபடி ஒருவர் தொப்பையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்த மனுஷர் அப்படியே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. வயது ஐம்பத்திரண்டு. கண்ணாடிக்காரரைவிட இரண்டு வயது சின்னவர்.

துக்கத்துக்கு வந்தவர்களில் நாலைந்து பேர், ரிப்பேருக்குக் கொடுத்த கடிகாரத்தை யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றார்கள். கண்ணாடிக்காரரும் அதில் ஒருவர். அந்த வெட்கமோ, பயமோ, வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அறிவித்துவிட்டார்.

"திங்கட்கிழமையிலேருந்து நான் ஓடப்போறேன்."

மனைவி தையல் மெஷினை நிறுத்தவில்லை. "யார்கூட?"

"யார்கூடவும் இல்ல. தனியா. காலையில. உடம்புக்காக."

"பால் வாங்க நாலு கடை தள்ளிப் போகச் சொன்னா ஸ்கூட்டர் சாவியத் தேடற ஆளு நீங்க."

"அதெல்லாம் பழைய கதை. மூணு மாசத்துல பத்து கிலோமீட்டர். நடுவுல நிக்காம."

"அத மழைக்காலத்துல ஆரம்பிக்கக் கூடாதா? வெளிய போய்ப் பாருங்க, காக்காகூட நடந்துதான் போகுது."

"சாவு வெயில் மழை பார்த்தா வருது?"

மெஷின் நின்றது. அவள் வாட்ச்மேன்களுக்கு யூனிஃபார்ம் தைக்கிறவள். கூடத்தில் எந்நேரமும் நீலச் சட்டையும் நீலக் கால்சட்டையுமாக ஒரு படையே மடித்துக் கிடக்கும். மடியில் இருந்த நீலச் சட்டையை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"சரி, ஓடுங்க. அஞ்சே காலுக்குப் போங்க. ஆறே காலுக்கு வாசல்ல நிக்கணும். தாண்டினா நான் தேடிக்கிட்டு வருவேன்."

அந்த வாரம் முழுக்க அவள் தூங்கவில்லை. கண்ணாடிக்காரர் பேர்போன குறட்டைக்காரர். குறட்டை ஓடினால் அவளுக்குத் தூக்கம் வராது. குறட்டை நின்றால் பயம் வந்துவிடும். மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். அவர் கண்ணைத் திறக்காமல், தெரியாதது போலவே கிடப்பார். இருபத்தாறு வருஷத்துக் குடித்தனத்தில் அவள் இப்படி விரல் வைத்துப் பார்த்து அவர் அறிந்ததில்லை.

திங்கட்கிழமை ஓடினார். அன்றைக்கு ராத்திரி விரல் வரவில்லை. பக்கத்தில் அசையாமல் தூங்கினாள். தன் வாழ்நாளில் உருப்படியாகச் செய்த முதல் காரியம் இதுதான் என்று அவருக்குத் தோன்றியது.

ஓட்டம் என்று அவர்தான் சொல்லிக்கொண்டார். பார்த்தவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டவர் என்று நினைத்தார்கள். ஒரு புண்ணியவான் வண்டியை நிறுத்தி, பின்னால் ஏறிக்கொள்ளச் சொன்னார். அந்த வருஷத்து வெயில் சூரியனுக்காகவெல்லாம் காத்திருக்கவில்லை. காலை ஐந்து மணிக்கே குழாயில் வெந்நீர் வந்தது. தார் ரோடு முந்தின நாள் சூட்டைப் பத்திரமாக வைத்திருந்து, இவர் கால் பட்டதும் திருப்பிக் கொடுத்தது. மெதுவாக ஓடுங்கள், தண்ணீர் குடியுங்கள், வெயில் உடம்புக்குப் பழக இரண்டு வாரம் ஆகும் என்று செல்போனில் ஒரு பயிற்சியாளர் குளுகுளு அறையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். இவர் நாட்களை எண்ணிக்கொண்டு ஓடினார். சாவு பயம் ஒரு வாரத்துக்குத்தான் மனுஷனை ஓட்டும். அதற்கப்புறம் அதுவும் பழகிப்போய்விடுகிறது. பதினோரு நாள் தாக்குப்பிடித்தார்.

பன்னிரண்டாவது நாள், தெருமுனை தாண்டி ஒரு கிலோமீட்டரில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைக்கு எட்டிய கதவைத் தள்ளினார். அது ஒரு ஏ.டி.எம். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வேர்வையெல்லாம் ஒரே நொடியில் சில்லிட்டது. செத்தால் போகிற இடம் இப்படி இருந்தால் கடிகாரக்காரர் கொடுத்துவைத்தவர் என்று நினைத்தார்.

"பணம் எடுக்கணுமா சார்?" மீசை வைத்த வாட்ச்மேன் கேட்டார்.

"மூச்சு வாங்கணும்."

மீசைக்காரர் தன் ஸ்டூலைக் கொடுத்தார். அந்த ஸ்டூல்தான் கண்ணாடிக்காரரைக் கெடுத்தது.

மறுநாள் வீட்டிலிருந்து நேராக அங்கேதான் நடந்து போனார். ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தால் நாற்பது நிமிஷம் கண்ணை மூடலாம். திரும்பும்போது தெருமுனையில் நின்று, பாட்டில் தண்ணீரை முதுகில் இரண்டு கை, மார்பில் ஒரு கை, அக்குளில் தாராளமாகத் தெளித்துக்கொண்டு, கடைசி இருபது அடியை மட்டும் ஓடி வந்து வாசலில் நின்று இரைப்பார்.

மனசு உறுத்தாமல் இல்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் அந்த விரல் மறுபடி வரும். அவள் தூங்குகிறாள், அதைக் கெடுக்க அவருக்குத் தைரியம் இல்லை. அதனால் பொய் சொன்னார். பொய்யில் தினமும் தூரத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

"இன்னிக்கு எவ்வளவு?"

"நாலு கிலோமீட்டர்."

"பார்க் வழியாவா?"

"ஆமா."

"பார்க் கேட்டப் பூட்டி வெச்சிருக்காங்களாமே."

"ஆமா. ஏறிக் குதிச்சேன்."

"நீங்களா?"

"லேசா."

அவள் டீஷர்ட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நல்லா வேர்த்திருக்கு," என்று சொல்லி வாளியில் போட்டாள்.

ஐந்தாவது நாள் மீசைக்காரர் கதவை மறித்துக்கொண்டு நின்றார். "ஏசி ரிப்பேர் சார். வெளிய இருக்கறதவிட உள்ள சூடு."

"எப்ப சரியாகும்?"

"மெக்கானிக் வரணும். அவர் எப்ப வருவாருன்னு அவருக்கே தெரியாது. நீங்க பெட்ரோல் பங்க்கிட்ட ஒண்ணு இருக்கு, அங்க போங்க. ஜில்லுனு இருக்கும்."

பெட்ரோல் பங்க் இரண்டு கிலோமீட்டர். நடந்து போய், நடந்து வந்தால் தூங்க நேரமில்லை. அதனால் போகும்போது கொஞ்சம் ஓடினார். வரும்போது, தூக்கம் கலைந்து மணி பார்த்து, பதறிக்கொண்டு ஓடினார்.

ஒரு வாரம் போனது. பெட்ரோல் பங்க்கில் இருந்த ஒல்லி வாட்ச்மேன் கையை விரித்தார். "உள்ள கேமரா வெச்சிருக்காங்க சார். தூங்கறவங்கள போட்டோ பிடிச்சுப் பெரிய ஆபீசுக்கு அனுப்பறாங்களாம். ஆஸ்பத்திரி வாசல்ல இருக்கற ஏ.டி.எம்ல கேமரா கிடையாது."

ஆஸ்பத்திரி வாசலில் பத்து நாள் நிம்மதியாகப் போனது. அப்புறம் அங்கேயும் ஏசி ரிப்பேர். "பாலத்தடியில புதுசா வெச்சிருக்காங்க சார், உள்ள போனா ஸ்வெட்டர் வேணும்," என்றார் அங்கிருந்த வாட்ச்மேன். பாலத்தடி மூன்றரை கிலோமீட்டர். இந்த ஊரில் ஏசி மெக்கானிக்குகளே செத்துப்போய்விட்டார்களா என்று கண்ணாடிக்காரர் நொந்துகொண்டார். அவர்களும் ஓடாமல் இருந்திருப்பார்கள்.

பாலத்தடிக்குப் போன முதல் நாள் ஆறு நிமிஷம் தாமதம். தெருமுனை திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். அவள் ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். காலில் செருப்பில்லை. கழுத்தில் அளவு டேப் தொங்கியது. முகம் வெளுத்திருந்தது.

"பால் வாங்க வந்தேன்," என்றாள். கையில் பையும் இல்லை, பாத்திரமும் இல்லை.

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேர்வையைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டார். அன்றைக்குப் பாட்டிலைத் திறக்க மறந்துபோனது நினைவு வந்தது. திறக்கத் தேவையும் இருக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு நாளும் தாமதிக்கவில்லை. மூன்றரை கிலோமீட்டர் ஓடுவார், ஏசியில் எட்டு நிமிஷம் உட்காருவார், மூன்றரை கிலோமீட்டர் திரும்பி ஓடுவார். லென்ஸில் கால் பவர் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற மனுஷருக்கு இந்தக் கணக்கு மட்டும் கண்ணில் படவே இல்லை. இடுப்பில் பேண்ட் நழுவியது. அவள் ஒன்றும் கேட்காமல் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். வெயிலில் வற்றிவிட்டேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். எட்டு நிமிஷ ஏசிக்காக இப்படி நாயாய் அலைகிறோமே, மனைவியை ஏமாற்றிய பாவம்தான் என்று நொந்துகொண்டே ஓடினார்.

ஒரு நாள் பதினோரு மணிக்குக் கடிகாரக்காரரின் மனைவி கடைக்கு வந்தாள். எதிர்க் கடையைக் காலி செய்கிறார்களாம். பழைய கைக்கடிகாரம் ஒன்றை மேஜையில் வைத்தாள். "உங்களோடதுன்னு சீட்டு இருக்கு அண்ணே." சீட்டில் கடிகாரக்காரரின் கையெழுத்து. கண்ணாடிக்காரர் பெயருக்குக் கீழே, 'அவசரமில்லை' என்று எழுதியிருந்தது.

"அவர் இருந்தப்ப நான்தான் நல்லாத் தூங்குவேன்," என்றாள் அந்த அம்மாள். "அவர் மூச்சு நிக்கும்னு யார் நினைச்சா."

அவள் போன பிறகு கண்ணாடிக்காரரால் கடையில் உட்கார முடியவில்லை. இன்றைக்கே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். ஓடவில்லை, ஏமாற்றினேன், நீ நம்பி நிம்மதியாகத் தூங்காதே. உச்சி வெயிலில் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாசலில் யாருடைய செருப்போ கிடந்தது. உள்ளே பேச்சுக் குரல்.

"இன்னிக்கு எட்டு நிமிஷம்தாம்மா உக்காந்தாரு. அதுலயும் ரெண்டு நிமிஷம் நின்னுக்கிட்டே. முன்ன மாதிரி இல்ல, மூச்சு சீக்கிரம் அடங்கிடுது."

"ஆஸ்பத்திரிகிட்ட இருந்தப்ப எவ்வளவு நேரம் இரைச்சாராம்?"

"அங்க இருக்கறவன் பன்னெண்டு நிமிஷம்னு சொன்னான்."

"கையத் தூக்குங்க. ஆடாதீங்க."

பாலத்தடி வாட்ச்மேன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றார். புதுச் சட்டை முழுக்கக் குண்டூசி. கண்ணாடிக்காரரைப் பார்த்ததும் ஓடப் பார்த்தார், ஊசி குத்தியது, நின்றார். அவள் நிதானமாக ஊசிகளைக் கழற்றி, வாட்ச்மேன் சட்டையை மாற்றிக்கொண்டு போகும் வரை, கண்ணாடிக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"எல்லாரும் உன் ஆளா?"

"நம்ம ஊர்ல எந்த வாட்ச்மேன் இடுப்பு அளவு எனக்குத் தெரியாது?"

"ஏசி?"

"எல்லாம் நல்லாத்தான் ஓடுது."

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"நீங்க பாட்டில் தண்ணி தெளிச்சுக்கிட்ட மொத நாளே. வேர்வைன்னா காஞ்சதும் டீஷர்ட்ல உப்புக் கோடு வெள்ளையா நிக்கும். பதினோரு நாள் நின்னுச்சு. பாட்டில் தண்ணிக்கு ஏது உப்பு? அப்புறம்தான் மீசைக்காரரக் கூப்பிட்டு விசாரிச்சேன்."

கண்ணாடிக்காரர் நீலச் சட்டைக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "நீ தூங்கணும்னுதான் சொல்லல. நின்னுட்டேன்னு தெரிஞ்சா மறுபடி முழிச்சுக்கிட்டுக் கிடப்பேன்னு பயந்தேன். நீதான் நல்லாத் தூங்கினியே."

"யார் தூங்கினா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா நீங்க மருகுவீங்க. மருகினா ஓட மாட்டீங்க. அதான் கண்ண மூடிக்கிட்டுக் கிடந்தேன்."

"விரல் வரலியே."

"விரல் வெச்சா உங்களுக்குத் தெரியுது. காத வெச்சுக் கேட்டேன்."

இவர் ஓடாமல் ஓடியதாகக் காட்ட, அவள் தூங்காமல் தூங்கியதாகக் காட்ட, இப்படியே ஒரு கோடைகாலம் போயிருக்கிறது. அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை அப்போதுதான் பார்த்தார். ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவர் வீட்டில் இருந்த கண்ணைப் பார்க்காமல் விட்டோமே என்று வெட்கப்பட்டார்.

"ஒரு நாள்கூடத் தூங்கலியா?"

"பாலத்தடியிலேருந்து நீங்க லேட்டா வந்தீங்களே, அன்னிக்கு டீஷர்ட்டப் பார்த்தேன். முதுகு முழுக்க உப்பு. அன்னிக்கு ராத்திரிதான் அடிச்சுப்போட்ட மாதிரித் தூங்கினேன். இப்ப தெனமும் தூங்கறேன்."

அவர் மூக்கை உறிஞ்சினார். எழுந்தார். தொளதொளத்த பேண்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, ஆண்பிள்ளைக் குரலில் சொன்னார்.

"இனிமே எனக்கு எந்த ஏசியும் வேணாம். நானாவே ஓடுவேன்."

"நீங்களா ஓடினா பதினோரு நாள். பார்த்தாச்சு."

அவள் மெஷினில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். வெளியே வெயில் கூரை ஓடுகளைப் பிளந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் கொஞ்ச நேரம் கௌரவமாக நின்று பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சரி, பாலத்தடி ஏசியாவது நாளைக்கு ஓடுமா?"

"ஓடாது. அங்கேருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி பஸ் டெப்போவுக்கு எதிர்ல ஒண்ணு இருக்கு. போக அஞ்சு, வர அஞ்சு. அந்த வாட்ச்மேனுக்கு நேத்துதான் அளவெடுத்தேன்."